புறாக்குடைக்குக் காவல்

யானை மேல் பழியைப் போடலாம்தான். வனத்துறையில் இருபத்தெட்டு வருசம் குப்பை கொட்டிய ஒச்சப்பனுக்கு அது தெரியாதா? வேலி சாய்ந்தால் யானை, தண்ணித்தொட்டி உடைந்தால் யானை, ஒருதடவை ஆபீஸ் நாற்காலி காணாமல் போனதற்குக்கூட யானை என்றுதான் எழுதி அனுப்பினார்கள், மேலேயிருந்து ஒரு கேள்வி வரவில்லை. ஆனால் யானை சுண்ணாம்பு அடிக்காதே. கல் பொறுக்கி வட்டமாக அடுக்கி, ஒரு கல்லுக்கு வெள்ளை, ஒரு கல்லுக்குக் காவி என்று மாற்றி மாற்றிப் பூசி, நடுவில் ஒரு சருகு இல்லாமல் பெருக்கித் தண்ணி தெளித்துவிட்டுப் போன யானையை எந்த வன அதிகாரி, எந்த டி.எஃப்.ஓ. நம்புவார்? காட்டுப்பன்றி? பன்றி கிளறும், பெருக்காது. மிளா? அந்த மான் பாவம், அதை எதற்கு இதில் இழுப்பானேன். ஒச்சப்பன் வட்டத்துக்கு நடுவில் நின்று, கையில் இருந்த விளக்குமாற்றை என்ன செய்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். மறைத்து என்ன பிரயோசனம், விளக்குமாறு அவனை விட உயரம். கீழே மரப்பாலத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பாலத்திலிருந்து இங்கே ஏறி வர இருபது நிமிசம். டி.எஃப்.ஓ. அய்யா அட்டைக்குப் பயந்து குதித்துக் குதித்து வருகிறவர், அதனால் இருபத்தைந்து. பக்கத்தில் டாக்டரம்மா. காலையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வெளியே வந்து, தண்ணி நல்லா இருந்துச்சுண்ணே என்று சொல்லிச்சே, அந்தச் சிரிப்பு. ஐயோ, அந்தத் தண்ணி.

போன வருசம் இதே ஆனி மாசச் சாரலில்தான் டாக்டரம்மா முதல்முதலாகக் கூட்டாத்துச் சோலைக்கு வந்தது. டாக்டர் என்றதும் ஒச்சப்பன் முழங்கால் வலியைச் சொல்லி மாத்திரை கேட்டான். நான் காளானுக்குத்தான் டாக்டர் அண்ணே, எனக்கே முட்டு வலிதான் என்று சிரித்தது. மெர்லின் என்று பேர், நாகர்கோயில் பக்கம். பதினோரு வருசமாக ஒரே ஒரு காளானைத் தேடி மலை மலையாக அலைகிறதாம். எவனோ ஒரு வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் படம் வரைந்து வைத்துவிட்டுச் செத்துப் போனான், அதற்கப்புறம் யார் கண்ணிலும் படவில்லை, அழிந்தே போச்சு என்று பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் எழுதிவிட்டார்கள். படத்தை வாங்கிப் பார்த்தான் ஒச்சப்பன். அட, இது நம்ம புறாக்குடையில்ல? இந்த மலையில் இருக்கிற பளியர்கள் வைத்த பேர். கூட்டிக்கொண்டு வந்து காட்டினான். எப்போதோ காற்றுக்கு விழுந்து மக்கிப்போன ஒரு வெடிப்பலா மரத்துக் கட்டை, அதன் இடுப்பில் ஏழு நின்றது. பெருவிரல் உயரம்தான், புறாக் கழுத்து நிறம், இப்படிப் பார்த்தால் ஊதா, அப்படிப் பார்த்தால் பச்சை. டாக்டரம்மா சேற்றிலேயே உட்கார்ந்து அழுதது. காளானைப் பார்த்து அழுகிற மனுசியை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான், பார்த்து அவனும் தொப்பியைக் கழற்றினான், எதற்கு என்று இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை. நாலு நாள் இருந்தது புறாக்குடை. நாலு நாளும் அவன் குடை பிடித்தான், அந்தம்மா படம் எடுத்தது. கிளம்பும்போது சொல்லிச்சு. இந்தச் சரிவில் வியூ பாயிண்டும் கார் நிறுத்துகிற இடமும் போட ஏற்பாடு நடக்குது அண்ணே, அடுத்த வருசம் இது முளைக்கிற நேரத்துக்கு டி.எஃப்.ஓ.வைக் கூட்டிட்டு வாறேன், அவர் கண்ணால பாத்து இருக்குன்னு கையெழுத்துப் போட்டா சோலை தப்பிச்சுது, இல்லன்னா ஜே.சி.பி.தான். அதுவரைக்கும் நீங்கதான் காவல். ஒச்சப்பன் நெஞ்சை நிமிர்த்தி, என்ன செய்யணும்னு சொல்லுங்கம்மா என்றான். அப்போது அந்தம்மா சொன்னதுதான் எல்லா வினைக்கும் மூலம்.

"ஒண்ணும் செய்யாண்டாம் அண்ணே. நீங்க சும்மா இருந்தா போதும், கேட்டியளா."

சும்மா இருக்கிறது என்றால் எப்படி? பயிற்சியில் அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லையே. தீத்தடுப்புக் கோடு வெட்டச் சொல்லிக்கொடுத்தார்கள், குழி எடுக்க, மரத்துக்கு நம்பர் போட, தடுப்பணை கட்ட, அதிகாரி வந்தால் சல்யூட் அடிக்க. டைரியில் என்ன எழுதுவது, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை சும்மா இருந்தேன் என்றா? ஒரு பக்கம் காலியாக விட்டாலே ரேஞ்சர் பரமானந்தம் நாலு கேள்வி கேட்பார். இருந்தாலும் வாக்குக் கொடுத்தாயிற்று, ஒரு வருசம் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தான். வாரம் ஒரு தடவை வந்து கட்டையைப் பார்ப்பான், வந்துட்டேன்மா என்பான், போவான். அவன் பெண்டாட்டி பேச்சியம்மா கேட்டபோதுகூட, கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்குற டூட்டி என்று சொன்னான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்க மாட்டாளா? கல்யாணமான புதுசில் பாலை உறை ஊற்றி வைத்துவிட்டு அவள் கோயிலுக்குப் போக, உறைந்துவிட்டதா என்று அரைமணிக்கொரு தரம் மூடியைத் திறந்து ஆட்டி ஆட்டிப் பார்த்தவன் இவன். சாயங்காலம் அவள் வந்தபோது அது பாலும் இல்லை, தயிரும் இல்லை. அன்றையிலிருந்து அந்த வீட்டில் இவன் கை பட்டதற்கெல்லாம் அதுதான் பேச்சு. மிக்ஸியைக் கழற்றினால், ஆட்டிட்டீகளா. குழாயை முறுக்கினால், ஆட்டிட்டீகளா. இப்போது இதைக் கேள்விப்பட்டால் என்ன சொல்வாள்? இங்கேயிருந்தே அவள் குரல் கேட்கிறதே. காலில் ஏதோ ஊர்ந்தது, அட்டை. ஏறட்டும், நாலு அட்டை சேர்ந்து மொத்த ரத்தத்தையும் உறிஞ்சிவிட்டால்கூட நல்லதுதான், டி.எஃப்.ஓ. வரும்போது ஆள் மயங்கிக் கிடக்கலாம்.

எல்லாம் நேற்று மத்தியானம் வாக்கி-டாக்கியில் வந்த உத்தரவால். சோற்றில் கை வைத்திருக்கிறான், இடுப்பில் கரகரவென்று ரேஞ்சர். நாளைக்கு டி.எஃப்.ஓ. வர்றாரு, எடம் கண்ணாடி மாதிரி இருக்கணும், ஓவர். ஒச்சப்பன் மென்று விழுங்கி, டாக்டரம்மா ஒண்ணும் செய்யவேணாம்னு சொல்லியிருக்காகய்யா என்றான். அந்தம்மா காளானுக்கு டாக்டரு, எனக்கு டாக்டரா, ஓவர் என்று கேட்டுவிட்டு ரேஞ்சர் போய்விட்டார். போனதுதான் தாமதம், ஒச்சப்பன் கைக்கு உயிர் வந்தது. ஒரு வருசமாகக் கட்டிப்போட்டிருந்த கை அல்லவா. முதலில் ஓரமாகப் பெருக்கினான், ஓரம் சுத்தமானதும் நடு அசிங்கமாகத் தெரிந்தது, நடுவையும் பெருக்கினான். சுத்தமான தரையில் அந்தக் கட்டை அழுக்குப் பிடித்த மாதிரி கிடந்தது. குனிந்து நன்றாகத்தான் பார்த்தான், ஒரு காளான் இல்லை, ஒரு மொட்டு இல்லை, சத்தியமாக இல்லை. வெறும் மக்கல். அய்யா பூட்ஸ் தடுக்கி விழுந்துவிட்டால்? தூக்கிப் பார்த்தான், பாதியாக முறிந்து கையோடு வந்தது. ஒரு பாதி காய்ந்தது, ஒரு பாதி நனைந்து கனத்தது. கல் அடுக்கினான், சுண்ணாம்பு அடித்தான், தள்ளி நின்று பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், மனசு நிறைந்துபோனது. ரெண்டு பாதியையும் தலையில் வைத்துக்கொண்டு போய் ஓய்வு விடுதி விறகுக் குவியலில் போட்டான், வீணாகக்கூடாது பாருங்கள். காலையில் எழுந்து, பாவம், ராத்திரியே வந்து விடுதியில் தங்கின டாக்டரம்மா இந்தக் குளிரில் எப்படிக் குளிக்கும் என்று பரிதாபப்பட்டு, அண்டாவுக்கு அடியில் காய்ந்த பாதியை வைத்து அவனே மூட்டினான். குபுகுபுவென்று எரிந்தது. வெந்நீரை மொண்டு குளியலறையில் வைத்துவிட்டு வந்து, அடங்குகிற நெருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் போன வருசம் அந்தம்மா சொன்ன இன்னொரு பேச்சு, ஒரு வருசம் எங்கேயோ ஒளிந்து கிடந்துவிட்டு, நிதானமாக வந்து முன்னால் நின்றது. வெளிய தெரியுற குடை கத்தரிக்கா மாதிரிண்ணே, செடி கட்டைக்குள்ளதான் நூல் நூலா ஓடுது. வாளியோடு ஓடினான். அண்டாவுக்கு அடியில் கை நிறையச் சாம்பல்தான் இருந்தது. கதவு திறந்தது. தண்ணி நல்லா இருந்துச்சுண்ணே.

பதினோரு வருசம் தேடின பொருளைப் பற்றவைத்து அந்தம்மா தலையிலேயே ஊற்றிவிட்டானே பாவி. நனைந்த பாதி? காலையில் பதறி மலை ஏறி ஓடிவந்ததில் அது ஞாபகத்துக்கே வரவில்லை, இப்போது நினைக்கவே பயமாக இருந்தது. சமையல்காரர் இருளாண்டி இந்நேரம் இட்லிக்கு அடுப்பு மூட்டியிருப்பார், கையில் கிடைத்ததை எல்லாம் உள்ளே தள்ளுகிற மனுசன் அவர். சத்தம் ஓடைக்கு இந்தப்பக்கம் வந்துவிட்டது. டி.எஃப்.ஓ. ஏதோ கேட்க டாக்டரம்மா நீளமாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தது, குரலில் அத்தனை சந்தோசம். அந்தச் சந்தோசத்தைக் கேட்கக் கேட்க ஒச்சப்பனுக்கு அறிவு வேலை செய்ய ஆரம்பித்தது, அதுவும் கெட்ட அறிவு. காளான்தானே வேண்டும்? வட்டத்துக்கு வெளியே ஒரு வேரடியில் சாதா வெள்ளைக் காளான் நாலைந்து நின்றது. ஒன்றைப் பிடுங்கினான். சட்டைப் பையில் டைரி எழுதுகிற ஊதாப் பேனா. அட, ஊதா. ரீஃபிலை உருவி நுனியைக் கடித்து, மையை ஊதிக் குடைமேல் பெருவிரலால் தேய்த்தான். புறாக் கழுத்து வருமா? பள்ளிக்கூடத்துப் பையன் சட்டைப் பை மாதிரி வந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தான், இன்னும் கேவலமாகப் போனது. அதை வட்டத்துக்கு நடுவில் ஊன்றி, விலகி நின்று பார்த்தான். சுத்தமான தரையில் அது தனியாக, ஊதா மூஞ்சியோடு, திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நின்று அவனையே பார்த்தது. இதையா காட்டப் போகிறாய் ஒச்சப்பா? சேற்றில் உட்கார்ந்து அழுத மனுசிக்கு இதையா? வெட்கம் பிடுங்கித் தின்றது. பிடுங்கி வீசினான். காளான் போயிற்று, பெருவிரல் மட்டும் ஊதாவாக நின்றது, காறித் துப்பித் தேய்த்தும் போகவில்லை. தேய்த்துக்கொண்டிருக்கும்போதே புதரை விலக்கிக்கொண்டு அவர்கள் வந்துவிட்டார்கள்.

முதலில் டி.எஃப்.ஓ.தான் வந்தார். வட்டத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், வெள்ளை, காவி, வெள்ளை, காவி என்று அவர் கண் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. முகம் மலர்ந்துவிட்டது. ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்க, மத்த காவலருங்க பீட்லயும் இதே மாதிரி செய்யச் சொல்லணும் என்றார். இருபத்தெட்டு வருசத்தில் ஒரு டி.எஃப்.ஓ. வாயால் ஒச்சப்பன் வாங்கிய முதல் பாராட்டு. அது இன்றைக்கா வரவேண்டும்? பின்னால் டாக்டரம்மா வந்து நின்றது. அந்தம்மா கல்லைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தது. கட்டை கிடந்த இடத்தில் நீளமாக ஒரு வெளுத்த தடம் மட்டும் இருந்தது. மேலே எங்கேயோ ஒரு குரங்கு கத்தி ஓய்ந்தது, இலையிலிருந்து தண்ணி சொட்டியது. யானை என்று சொல்ல ஒச்சப்பன் வாயைத் திறந்தான். நாக்கு நுனிவரைக்கும் யானை வந்துவிட்டது. அந்தம்மா கண் அவன் கைக்குப் போயிற்று, பெருவிரலைப் பார்த்தது, என்ன அண்ணே மை என்று மெதுவாகக் கேட்டது. அவ்வளவுதான், யானை திரும்பிப் போய்விட்டது.

"நான்தாம்மா எரிச்சேன். காலையில நீங்க குளிச்சது அந்தக் கட்டையிலதான்."

சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது, இறங்கி நேராக அந்தம்மா தலையில் விழுந்த மாதிரி இருந்தது. டாக்டரம்மா தன் ஈரக் கூந்தலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. அழும், திட்டும், கையில் இருக்கிற கம்பால் ஒரு போடு போடும் என்று ஒச்சப்பன் காத்திருந்தான், போட்டிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அந்தம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான், முழுசுமா என்று. பாதி என்றான். மீதி? விறகுக் குவியலில். அதற்கப்புறம் நடந்ததை ஓட்டம் என்று சொல்லலாம். முட்டு வலிக்காரி முன்னால், முழங்கால் வலிக்காரன் பின்னால், நடுவில் விசயம் விளங்காமல் டி.எஃப்.ஓ., அவருக்கு அட்டையே மறந்துவிட்டது. ஒச்சப்பன் ஓட ஓட வேண்டினான். குலசாமியிடம் அப்புறம் போகலாம், முதலில் இருளாண்டியிடம்தான் வேண்டினான். இருளாண்டியண்ணே, தாமதமா எந்திரிச்சிருக்கணுமே, தீப்பெட்டி நமுத்திருக்கணுமே, இன்னைக்கு மட்டும் அய்யா உப்புமா கேட்டிருக்கணுமே. பாலத்தைத் தாண்டியதும் சமையலறைக் கூரை மேல் புகை தெரிந்தது. நல்ல கெட்டியான, வஞ்சகமில்லாத புகை. கால் தன்னால் நின்றுவிடப் பார்த்தது, டாக்டரம்மா நிற்காததால் அதுவும் நிற்கவில்லை.

இருளாண்டி வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். மூன்று பேர் மூச்சிரைக்க ஓடிவருவதைப் பார்த்ததும், இட்லி தாமதமானதற்கு விசாரணை என்று நினைத்துக்கொண்டு முந்திக்கொண்டார். அய்யா, எம்மேல தப்பில்ல, இந்த ஒச்சப்பன் கொண்டாந்து போட்டது வெறகே இல்ல, அரைமணி நேரம் ஊதுறேன், புகையுதே தவிர பிடிக்கமாட்டேங்குது, எருமைச் சாணியாட்டம் ஊறிக் கெடக்கு, தூக்கித் தூர எறிஞ்சுட்டேன் என்றார். எங்கே என்று மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால், குளியலறைத் தண்ணி ஓடுகிற சாக்கடை ஓரமாக அது கவிழ்ந்து கிடந்தது. ஒரு நுனி கருகியிருந்தது. நேற்றுவரை மண்ணோடு ஒட்டிக் கிடந்த அடிப்பக்கம் இப்போது வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அந்த அடிப்பக்கத்தை ஒச்சப்பன் பார்க்கவே இல்லையே, குனிந்து பார்த்தவன் புரட்டிப் பார்த்தானா? அங்கே, கருகின நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூன்று. ஒன்று குடை விரித்திருந்தது, ரெண்டு மொட்டு. புறாக் கழுத்து. இப்படிப் பார்த்தால் ஊதா, அப்படிப் பார்த்தால் பச்சை. தன் பெருவிரலைப் பார்த்தான், ச்சீ என்று மடக்கிக்கொண்டான். டாக்டரம்மா போன வருசம் மாதிரியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டது, ஆனால் இந்தத் தடவை முதலில் சிரித்தது, அப்புறம்தான் அழுதது. ஒச்சப்பன் நேராக அழுதான், அவனுக்கு எதையும் வரிசையாகச் செய்ய வராது.

காலையில் தலை துவட்டின துண்டில் கட்டையைச் சுற்றி, அந்தம்மாவே மடியில் தாங்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு மறுபடி மலை ஏறியது. ஒச்சப்பன் நேற்றுச் சரிவில் தள்ளின சருகையெல்லாம் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தான். பழைய தடத்திலேயே கட்டையைக் கிடத்தினார்கள். சருகைக் கொட்டி அவன் கையால் நிரவப் போனான், அந்தம்மா பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டான். கல்லையெல்லாம் டி.எஃப்.ஓ. சொல்லி ஒவ்வொன்றாகத் தூக்கிச் சரிவில் போட்டான், பாராட்டு வாங்கின கல், ஒவ்வொன்றுக்கும் மனசு வலித்தது. டி.எஃப்.ஓ. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து, அந்த மூன்றையும் ரொம்ப நேரம் பார்த்தார். இவ்வளவுதானா என்று கேட்கப்போகிறார் என்று ஒச்சப்பன் பயந்தான். அவர் கேட்கவில்லை. ஃபைலைத் திறந்தார். வைத்து எழுத மேசை இல்லை, பாறையெல்லாம் ஈரம். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஒச்சப்பன், கொஞ்சம் குனிஞ்சு அசையாம நில்லுங்க என்றார்.

ஒச்சப்பன் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தான். முதுகில் ஃபைல் வந்து உட்கார்ந்தது, டாக்டரம்மா அதன் மேல் குடை பிடித்தது. பேனா முனை சட்டைக்கு மேல் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டு ஓடியது. நாலு பக்கம், பக்கத்துக்கு மூன்று கையெழுத்து, நடுநடுவே அய்யா நிதானமாகப் படித்துப் பார்த்தார். கெண்டைக்காலில் பழைய அட்டை இன்னும் இருந்தது, அதோடு புதுசாக ஒன்று தொடைக்கு ஏறிக்கொண்டிருந்தது. மூக்கு நுனியில் ஒரு சொட்டு வந்து நின்றது, விழாமல் ஆடியது. துடைக்கலாமா? கூடாது. இந்தக் கை ஒரு இழுப்பு இழுத்தால் அய்யா பேனா கோணும், பேனா கோணினால் இன்னொரு காகிதம், இன்னொரு காகிதம் என்றால் இன்னொரு வாரம், ஜே.சி.பி.க்கு ஒரு வாரம் போதும். கண்ணுக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் கட்டை. மொட்டாக இருந்ததில் ஒன்று லேசாகக் குடை விரிக்கப் பார்க்கிற மாதிரி இருந்தது, அதன் தலையில் ஒரு சருகுத் துணுக்கு ஒட்டியிருந்தது. தட்டிவிடலாம், சுண்டுவிரலால் லேசாக, யாருக்கும் தெரியாது. விரல் துடித்தது. பேச்சியம்மா குரல் கேட்டது, ஆட்டிட்டீகளா. விரலை முழங்காலோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். அப்போது பார்த்து இடுப்பில் வாக்கி கரகரத்தது. ரேஞ்சர்தான். ஒச்சப்பா, டி.எஃப்.ஓ. வந்துட்டாரா, எடம் எப்படி இருக்கு, அங்க என்னதான்யா செஞ்சுக்கிட்டு இருக்க, ஓவர். கை அசைக்க முடியாத ஒச்சப்பனுக்காக டாக்டரம்மாவே குனிந்து வாக்கியை எடுத்து, பொத்தானை அமுக்கி, அவன் வாய்க்கு நேராகப் பிடித்தது.

"ஒண்ணும் செய்யலைங்கய்யா. சும்மா இருக்கேன். ஓவர்."